பன்றிக்கு வைத்த கம்பி

மண்டைதீவில் புலி இல்லை. எப்போதோ இருந்ததாக நான் கேட்ட ஊர்க்கதை ஒன்றுகூட இல்லை. யாழ்ப்பாணப் பட்டினத்துக்கு எதிரே பரவைக் கடலுக்குள் கிடக்கிற சின்னத் தீவு; பனை, வடலி, கண்டல், கோடையில் வெடித்துக் கிடக்கும் உவர்த்தரை. பண்ணைப் பாலத்தால் வேலணைக்குப் போகிற பஸ்ஸில் இருந்தால் இடக்கைப் பக்கம் தெரியும். பெரிய பூனையொன்று ஒளிந்து நிற்க இங்கே காடு இல்லை, அடித்துத் தின்ன மான் இல்லை. இங்கேயிருந்துகொண்டு சிறுத்தையைக் காப்பது பற்றி எழுதப் புறப்படுவது அதிகப்பிரசங்கித்தனம் என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் மலைநாட்டில் ஒரு புலி எப்படிச் செத்தது என்பதை எனக்கு விளங்கப்படுத்தியவர் இந்தத் தீவின் கடற்றொழிலாளி ஒருவர்தான். அவர் பெருங்காட்டுக்குள் கால் வைத்த மனிசர் அல்ல.

எங்கள் பக்கத்தில் சிறுத்தையைப் புலி என்றே சொல்வார்கள். அந்தச் சொல்லின்மேல் ஏறியிருக்கிற மற்றப் பாரங்களை இங்கே இறக்கப் போவதில்லை. இந்தக் கட்டுரையில் புலி என்றால் நாலு கால், மஞ்சள் தோல், கரும்புள்ளி.

மண்டைதீவைச் சுற்றிய கடல் பல இடங்களில் இடுப்பளவுதான். அதில் தடிகளை வரிசையாக ஊன்றி, தடிகளில் வலையைக் கட்டி நிறுத்துவார்கள். அதுதான் களங்கட்டி. கரைப்பக்கமிருந்து ஆழத்தை நோக்கி நீளமாக ஒரு வலைச்சுவர் போகும். அதன் முடிவில் வளைந்து உள்ளே ஒடுங்குகிற அறைகள் இருக்கும். மீனை யாரும் துரத்துவதில்லை. ஓராவோ திரளியோ கரையோரமாக மேய்ந்துகொண்டு வரும். சுவர் தட்டுப்பட்டதும் தன் வழக்கப்படி ஆழம் பார்த்துத் திரும்பும். சுவரோடு ஒட்டியே போய் அறைக்குள் நுழைந்துவிடும். நுழைந்த வாசல் மூடப்படுவதில்லை. ஆனாலும் வளைவோடு சுற்றிச் சுற்றி வருகிற மீனுக்கு அது அகப்படாது. விடியப்புறம் இறங்கி அத்தாங்கால் அள்ள வேண்டியதுதான். வலையும் தடியும் பாதிப் பொறி. மீதியை மீனின் பழக்கமே செய்து கொடுக்கிறது.

2020ஆம் ஆண்டு, கொரோனா ஊரடங்கு நாட்கள். மலைநாட்டு நல்லதண்ணியில் கம்பியில் மாட்டிக்கிடந்த கருஞ்சிறுத்தையின் படம் எல்லார் கைத்தொலைபேசியிலும் ஓடிக்கொண்டிருந்தது. வலை பொத்திக்கொண்டிருந்த அந்தக் கடற்றொழிலாளிக்கும் காட்டினேன். கொஞ்சநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

“உது புலிக்கு வைச்ச கம்பி இல்லைத் தம்பி. பண்டிக்கு வைச்சது. எங்கட வலையிலை ஆவுளியா வந்து விழுறேல்லையே? ஆரும் ஆவுளியாவுக்கெண்டு வலை போடுறேல்லை.”

ஆவுளியா என்பது கடற்பசு. கடலடிப் புல்லை மேய்கிற, காற்றை மூச்சாக இழுக்கிற பாலூட்டி. வலையில் சிக்கி மேலே வர முடியாமற் போனால் சில நிமிடங்களில் மூச்சுமுட்டிச் சாகும். ஒரு முறைக்கு ஒரு குட்டி, அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள் என்று மெதுவாகப் பெருகுகிற இனம். பாக்கு நீரிணையின் இரண்டு கரையிலும் அதைக் கொல்லத் தடை இருக்கிறது. தமிழ்நாடு 2022இல் தஞ்சாவூர், புதுக்கோட்டைக் கரையோரத்தில் 448 சதுர கிலோமீற்றர் கடலை அதற்கென்றே காப்பகமாக அறிவித்தது. இறைச்சிக்காக அதை வெட்டிய காலம் ஒன்றும் உண்டு, அதை மறைக்க வேண்டியதில்லை. இன்று அது பெரும்பாலும் சாவது வேறு மீனுக்குப் போட்ட வலையில். போட்டவர் அதை நினைத்திருக்கவே மாட்டார். நினைக்காததாலேயே அந்தச் சாவைத் தடுப்பது கஷ்டம். வேட்டைக்காரனைத் தடுக்கச் சட்டம் போதும். நினையாமல் கொல்கிறவனிடம் சட்டம் எதைத் தடுக்கும்?

நல்லதண்ணி விஷயத்துக்கு வருகிறேன். லக்ஷபான தோட்டத்தில், மே 26ஆம் திகதி, மரக்கறிப் பாத்தி ஓரத்துக் கம்பியில் அந்தப் புலி மாட்டுப்பட்டது. மலைநாட்டில் கருஞ்சிறுத்தை உயிரோடு உலாவுவது முந்திய ஆண்டுதான் தானியங்கிக் கமராவில் பதிவாகி எல்லாரையும் குதூகலப்படுத்தியிருந்தது. மயக்க ஊசி போட்டு, கம்பியை வெட்டி, உடவளவை வரைக்கும் கொண்டுபோனார்கள். 29ஆம் திகதி செத்துவிட்டது. கழுத்தில் விழுந்த கம்பி உள்ளே செய்த காயத்துக்கு மருந்து இல்லை.

அந்தக் கம்பி பெரிய சாமான் ஒன்றும் இல்லை. மோட்டார் சைக்கிளின் கிளச் கேபிளோ பிரேக் கேபிளோ போதும். ஒரு நுனியை மரக்குற்றியில் இறுக்கிக் கட்டி, மறுநுனியில் உருவுதடம் போட்டு, வேலியில் விட்ட இடைவெளிக்குள் பன்றியின் தலை வருகிற உயரத்தில் தொங்கவிடுவார்கள். பன்றி ஒரே ஒற்றையடிப் பாதையால் போய்வருகிற பிராணி. அந்தப் பழக்கத்தை நம்பித்தான் கம்பி அங்கே தொங்குகிறது. புலியும் அதே பாதையால்தான் வரும், ஏனென்றால் இரை வருவது அதால்தான். பன்றியின் கழுத்துக்கு வைத்த வளையம் புலிக்குச் சிலவேளை இடுப்பில் போய் விழும். பின்வாங்கத் தெரியாமல் முன்னே பாயும்; பாயப் பாய இறுகும். ஒரு இராத்திரி முழுக்க அப்படிப் பாய்ந்த உடம்பை விடிந்தபின் எந்த வைத்தியராலும் பழையபடி ஆக்க முடியாது. மேலுக்குத் தோல் கிழியாமல் இருக்கும், உள்ளே எல்லாம் நசிந்திருக்கும். காப்பாற்றிவிட்டோம் என்று கைதட்டிப் படம் எடுத்த பிறகு செத்துப்போன புலிகள் இந்த நாட்டில் உண்டு.

கம்பி வைத்தவர் யார்? தோட்டத்து லயத்தில் இருக்கிற ஒருவராக இருக்கலாம், பக்கத்தில் மரக்கறி செய்கிறவராக இருக்கலாம். கிழங்குப் பாத்தியைப் பன்றி ஒரு இரவில் உழுது போட்டுவிடும். பன்றி விழுந்தால் பாத்தியும் தப்பும், வீட்டில் இறைச்சியும் இருக்கும். நாட்சம்பளம் 1000 ரூபாய் ஆவதற்கே அந்த மக்கள் ஆண்டுக்கணக்காகக் கத்த வேண்டியிருந்தது. 2021இல்தான் வர்த்தமானி வந்தது. அந்தச் சம்பளத்தில் சந்தை இறைச்சி எத்தனை நாளைக்குக் கட்டும்? நான் கம்பிக்கு வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் கொழும்பில் மெழுகுதிரி கொளுத்திக் கருஞ்சிறுத்தைக்கு அழுகிறவருக்கும் லயத்தில் இருக்கிறவருக்கும் நடுவில் அந்தப் பன்றி நிற்கிறது. பன்றியைப் பற்றிப் பேசாமல் புலியைப் பற்றிப் பேசுகிற கூட்டங்களில் எனக்கு நம்பிக்கை இல்லை.

இலங்கைச் சிறுத்தையைத் தனிக் கிளையினமாக 1956இல் விபரித்தவர் பி. ஈ. பி. தெரணியகல. இந்தத் தீவின் பழைய விலங்குகளைத் தோண்டி எடுத்துப் படித்தவர். இரத்தினபுரிப் பக்கம் குருவிட்டையில் கிடைத்த பல்லை வைத்து, இங்கே ஒருகாலம் சிங்கம் இருந்தது என்று 1939இல் எழுதினார். அதே குருவிட்டையில் கிடைத்த எலும்புகளிலிருந்து வரிப்புலியும் இருந்தது என்று 2005இல் ஆய்வாளர் எழுதினார்கள். ஏறக்குறைய 16,500 ஆண்டுப் பழசு. அப்போது கடல்மட்டம் தாழ்வு. இராமேசுவரத்துக்கும் மன்னாருக்கும் நடுவில் தரை. பிறகு கடல் ஏறியது; தரை அறுந்தது; சிங்கமும் இல்லை, வரிப்புலியும் இல்லை. மிஞ்சியது சிறுத்தை. இந்தியாவில் வரிப்புலிக்கும் செந்நாய்க்கும் பயந்து அடித்த இரையை மரத்தில் ஏற்றி வைக்கிற அதே இனம், இங்கே அந்தப் பயமில்லாமல் பாறைமேல் பகலில் படுத்துக் கிடக்கிறது. இரையை மரத்தில் ஏற்றுவதும் குறைவு. ஒரு நாட்டின் காட்டில் தனக்கு மேலே யாருமில்லாத பிராணி, கிளச் கேபிளுக்கு மட்டும் இன்னும் பழக்கப்படவில்லை.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அது 2008இல் ‘அழியும் ஆபத்தில் உள்ளது’ என்ற படியில் இருந்தது. 2020இல் ‘அழிவுக்கு இலக்காகக்கூடியது’ என்று ஒரு படி இறக்கினார்கள். பத்திரிகைகளில் இது நல்ல செய்தியாக வந்தது. காட்டில் புலி பெருகிவிட்டதாக இதை வாசிப்பது பிழை. தேடிய இடங்கள் கூடின, கணக்கு மேம்பட்டது. முதிர்ந்த புலிகள் நாடு முழுவதிலும் ஆயிரத்துக்கும் குறைவு என்பதுதான் இன்றைக்கும் உள்ள மதிப்பீடு. அன்ட்ரூ கிட்டில், அஞ்சலி வொட்சன் இருவரும் 2000க்குப் பிறகு யாலவிலும் வில்பத்துவிலும் மலைநாட்டுத் தேயிலைத் துண்டுக்காடுகளிலும் கமரா வைத்து எண்ணிய எண்ணிக்கைகள் இல்லாவிட்டால் இவ்வளவும்கூடத் தெரிந்திருக்காது. அவர்கள் வேலையில் எனக்குப் பிடித்தது ஒன்று: தேசிய பூங்காவுக்கு வெளியே, தோட்ட லயத்தின் பின்பக்கத்தில், ஆள் நடமாட்டத்துக்கு நடுவிலும் புலி வாழ்கிறது என்று படத்தோடு காட்டினார்கள். சுற்றுலாப் பயணி ஜீப்பில் போய்ப் பார்க்கிற யாலப் புலியைப் பூங்கா காக்கும். லயத்துப் புலியைக் காக்க லயத்து மனிசரைத் தவிர வேறு ஆள் கிடையாது. அவர்களில் பெரும்பாலார் தமிழ் பேசுகிறவர்கள் என்பதும், புலிகளைப் பற்றிய எழுத்தில் பெரும்பங்கு ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் இருப்பதும் சேர்த்து யோசிக்க வேண்டிய விஷயம்.

வடக்கில் கதை வேறு. 1990இல் தீவுப் பகுதியிலிருந்து வெளிக்கிட்டவர்களில் பலர், 1995 இடப்பெயர்வோடு வன்னிக்குப் போனார்கள். எங்கள் வீடும் அதில் ஒன்று. கடலைத் தவிர வேறொன்றும் தெரியாமல் போய்க் காட்டோரத்தில் கொட்டில் போட்டோம். குளக்கட்டுச் சேற்றில் பதிந்திருந்த அடியைக் காட்டி அந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்லித் தந்தார்: “நகம் பதிஞ்சிருந்தா நாய், பதியாட்டிப் புலி.” பூனை நடக்கும்போது நகத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் என்பது பிறகு புத்தகத்தில் வாசித்தது. அந்த அடி உள்ளங்கையளவு அகலம், நாலு விரல், நடுவில் மூன்று மடிப்புள்ள குதி. கன்று காணாமற்போன வீடுகள் இருந்தன. புலியைப் பார்த்தவர்கள் குறைவு. பார்த்தவர்களும் வெருண்டதாகச் சொல்லவில்லை. அது தன்பாட்டில் போனது என்றார்கள்.

யுத்தம் காட்டைக் காத்தது என்று இப்போது சிலர் எழுதுகிறார்கள். வீதி இல்லை, மரம் ஏற்ற லொறி இல்லை, மிதிவெடிப் பயத்தில் விறகுக்குக்கூட உள்ளே போக ஆளில்லை, அது உண்மைதான். அந்தக் காப்பின் விலையைக் கொடுத்தவர்கள் முன்னால் அதை ஒரு நன்மையாகச் சொல்ல எனக்கு வாய் வராது.

2018 ஜூன் மாதம் கிளிநொச்சி அம்பாள்குளத்தில் ஊருக்குள் ஒரு புலி வந்துவிட்டது. பத்துப் பேரளவில் காயப்பட்டார்கள். கடைசியில் ஊர்ச்சனம் அதை அடித்துக் கொன்றது. செத்த உடலைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துப் போட்டார்கள். படம் பரவியது, நாடு கொதித்தது, ஆட்களைப் பிடித்தார்கள். படத்தில் முகம் தெரிந்ததால் பிடிப்பது சுலபமாக இருந்தது.

அதே கிளிநொச்சியில், கந்தசுவாமி கோயிலடியில், காணாமலாக்கப்பட்டவர்களின் உறவுகள் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி தொடங்கிய தொடர்போராட்டம் அப்போது ஒரு வருடத்தைத் தாண்டிவிட்டிருந்தது. மண்டைதீவிலிருந்தும் அல்லைப்பிட்டியிலிருந்தும் 1990 ஆகஸ்டில் பிடித்துக்கொண்டு போனவர்களைப் பற்றி இன்றைக்கும் பதில் இல்லை. ஒரு புலிக்கு இத்தனை வேகமாக எழும்பிய அரசு மனிசருக்கு ஏன் எழும்பவில்லை என்று ஊரில் கேட்டார்கள். கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடன் அரசினுடையது. அம்பாள்குளத்தில் தடிகளுக்கு நடுவில் நின்ற பிராணி அந்தக் கணக்கில் எந்தப் பக்கத்திலும் இல்லை. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் இரு பக்கமும் கோபிக்கிறார்கள். ஆனாலும் பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

புலி ஊருக்குள் வந்தால் பிடித்துக்கொண்டு போய்த் தூரத்துக் காட்டில் விடுங்கள் என்பது எல்லார் வாயிலும் வருகிற யோசனை. மகாராட்டிரத்தின் ஜுன்னாரில் இதைச் செய்து பார்த்தார்கள். 2001 தொடங்கி, கரும்புத்தோட்டங்களில் பிடிபட்ட சிறுத்தைகளைக் காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். ஆட்களைத் தாக்குவது கூடியது. வித்யா ஆத்ரேயா அதை ஆராய்ந்து எழுதினார். இடம் பழகிய புலி மனிசரை விலக்கி நடக்கத் தெரிந்தது. தெரியாத இடத்தில் இறக்கிய புலிக்கு எங்கே ஒளிவது, எங்கே இரை, எந்த நேரம் வீதி வெறிச்சோடும் என்று ஒன்றும் தெரியாது. இலங்கையில் ஆட்தின்னி என்று பேர் எடுத்தது மட்டக்களப்பு வழிப் புணாணையில் 1924இல் ஷெல்டன் ஏகர் சுட்ட ஒரு சிறுத்தை. அது இன்னும் கொழும்பு நூதனசாலையில் பாடம் செய்து நிற்கிறது. நூறு வருடத்துக்குப் பிறகும் அந்த ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்றால் அந்த இனம் எவ்வளவு அடக்கமாக நடந்துகொண்டிருக்கிறது என்று கணக்குப் பார்க்கலாம்.

வடக்கில் காடு, விலங்கு என்று யாராவது வாய் திறந்தால் சனம் முகத்தைத் திருப்புவதற்கு இன்னொரு காரணம் இருக்கிறது. வர்த்தமானி. இடம்பெயர்ந்து இருபது வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்களின் காணியில் மரம் வளர்ந்திருந்தது. மரம் வளர்ந்ததால் அது காடு. காடு என்பதால் திணைக்களத்துக்குச் சொந்தம். 1990இல் மன்னாரிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம் சனம் முசலிக்குத் திரும்பியபோது, வில்பத்துவை அழிக்கிறார்கள் என்று தெற்கில் எழும்பிய கூச்சலில் சூழலியலாளர்களின் குரலும் வேறு குரல்களும் பிரித்தறிய முடியாமல் கலந்திருந்தன. 2015இல் ஒரே வீச்சில் சுண்டிக்குளம், நெடுந்தீவு, மடுவீதி, ஆதாம் பாலம் எல்லாம் தேசிய பூங்கா ஆயின. சுண்டிக்குளம் 1938 முதலே சரணாலயம், புலியும் கரடியும் உள்ள இடம், காக்கப்பட வேண்டியதுதான். ஆனால் அங்கே காலங்காலமாக இறால் பிடித்தவருக்கு எல்லைக்கல்லும் தடைப்பலகையும்தான் முதலில் வந்தன, பேச்சு பிறகுதான். எல்லைக்கல்லைப் பார்த்தவன் புலியின்மேல் கோபிப்பான். நெடுந்தீவிலாவது அங்கே திரிகிற குதிரைகளைச் சனம் தங்களுடையவை என்று நினைக்கிறது. சுண்டிக்குளத்துப் புலி திணைக்களத்தின் புலி.

மண்டைதீவுக்கும் இப்போது ஒன்று வந்திருக்கிறது. 2025 செப்டெம்பர் 1ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க இங்கே சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு அடிக்கல் நாட்டினார். கண்டலும் சதுப்பும் என்னாகும், மாரியில் வந்திறங்குகிற பூநாரைகள் என்னாகும், சுற்றாடல் மதிப்பீடு எங்கே என்று சூழலியலாளர்கள் கேட்டார்கள். ஊரின் பெடியளுக்கு மைதானம் வேண்டும். வேலை வரும், பஸ் வரும், யாழ்ப்பாணத்துக்குப் பக்கத்திலிருந்தும் ஒதுங்கிக் கிடந்த தீவுக்கு ஒரு பேர் வரும். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. பூநாரையை அழிக்கவென்று யாரும் மைதானம் கட்டப் போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். எனக்குக் கவலை அதனால்தான்.

எதைச் செய்தால் புலி சாவது குறையும் என்பதற்கு யால ஓரத்தில் ஒரு சின்ன உதாரணம் உண்டு. அங்கே மாடு வளர்ப்பவர்கள் இராத்திரி முள்வேலிக்குள் கன்றுகளை அடைப்பார்கள். புலி பாய்ந்து ஒன்றைக் கொண்டுபோகும். தின்ற மிச்சத்தில் நஞ்சு தடவிவைத்தால் திரும்பி வந்து தின்கிற புலி சாகும். சினமன் நேச்சர் ட்ரெயில்ஸ் என்ற சுற்றுலா நிறுவனம் அவர்களுக்கு இரும்புக் கம்பித் தொழுவங்கள் கொடுத்தது. கழற்றி வேறு இடத்தில் பூட்டக்கூடியவை. கன்று உள்ளே, புலி வெளியே. புலியைக் காட்டி உழைக்கிற நிறுவனம் தன் ஆதாயத்துக்குத்தான் அதைச் செய்தது என்று சொல்லலாம், சொல்லிவிட்டுப் போகட்டும். நஞ்சு வைக்க வேண்டிய தேவை இல்லாமற் போயிற்று. அதில் புலிமேல் அன்பு வை என்று யாரும் யாருக்கும் வகுப்பு எடுக்கவில்லை.

வன்னியில் பட்டிமாடு கட்டுகிறவர்களுக்கு இப்படி ஒன்றை யாராவது செய்ய நினைத்தால் பெரிய திட்டம் வேண்டாம். பட்டிக்காரரோடு ஒரு பின்னேரம் இருந்து எத்தனை கன்று, எவ்வளவு உயரம், எந்த மாதம் எந்தக் குளத்தடிக்குப் பட்டி மாறும் என்று கேட்க வேண்டும். மற்றபடி வேண்டியது இரும்புக் குழாயும் வெல்டிங் தெரிந்த ஒருவரும். இரண்டும் பரந்தன் சந்தியிலேயே கிடைக்கும்.